ஆஸ்பத்திரிப் பக்கத்தை எழுதியவர்

எங்கள் நைனாவுக்கு, அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், இரண்டு முட்டியையும் மாற்றவேண்டும் என்று திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். சித்தூரிலிருந்து தம்பி போனில் சொன்னபோது அவன் குரலில் பயமே இல்லை.

"பெரிய ஆஸ்பத்திரி அக்கா. நீ நெட்ல எழுதறியே கலைக்களஞ்சியம், அதுலயே போட்டுகீறாங்க. படிச்சிட்டுதான் நைனாவை இட்டுக்கினு போனேன்."

யார் வேண்டுமானாலும் சம்பளமில்லாமல் எழுதித் திருத்தும் தளம் அது. சில வருடங்களாக நானும் அதில் எழுதுகிறேன். நாகலாபுரம் கோயிலைப் பற்றி, கார்வேட்டிநகரத்துக் குளத்தைப் பற்றி. அக்கா எழுதும் இடம் என்பதால்தான் தம்பி நம்பிவிட்டான்.

பக்கத்தைத் திறந்தேன். முட்டி ஆபரேஷனில் தென்னிந்தியாவிலேயே முதலிடமாம். ஆதாரமாகக் காட்டியிருந்ததெல்லாம் ஆஸ்பத்திரி கொடுத்த விளம்பரங்கள். திருத்த வரலாற்றைப் பார்த்தால், முழுவதையும் எழுதியவர் ஒரே ஆள். ஒரு நகைக்கடைக்கும் ஒரு காலேஜுக்கும் அவரே இதே பாணியில் எழுதியிருந்தார்.

பக்கத்தோடு இருந்த உரையாடல் பகுதியில் அவரைக் கேட்டேன்: "இதை எழுத உங்களுக்குப் பணம் தந்தார்களா? தந்திருந்தால் இங்கே வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்பது விதி. இதை நம்பி என் அப்பா ஆபரேஷனுக்குப் போகிறார்."

தம்பியிடம் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன்.

"இன்னாக்கா நீ? நாளைக்கு வந்து படுக்கச் சொல்ட்டாங்க."

பின்னாலிருந்து நைனா குரல் கேட்டது. "அவ சொல்றத கேள்றா. எனக்கும் கத்தின்னா பயமாதான் கீது."

பதில் வராது என்றுதான் நினைத்தேன். காலையில் வந்திருந்தது. "ஆமாம், ஒரு ஏஜென்சிக்காகப் பணம் வாங்கிக்கொண்டு எழுதினேன். அந்த ஆஸ்பத்திரியை நான் பார்த்ததுகூட இல்லை. முதலிடம் என்பதற்கு ஆதாரம் கிடையாது. அப்பாவை இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள்." புகழ்ச்சி வரிகளை அவரே நீக்கிவிட்டு, பணம் பெற்று எழுதியது என்ற அறிவிப்பையும் போட்டிருந்தார்.

தம்பிக்குப் படித்துக் காட்டினேன்.

"துட்டு வாங்கனத மொதல்லியே மேல போட்டிருக்கலாமில்ல?" என்றான்.

நைனாவை வேலூருக்கு அழைத்துப்போய் இன்னொரு டாக்டரிடம் காட்டினோம். இடது முட்டிக்கு ஆபரேஷனே தேவையில்லை, வலது முட்டிக்கு இப்போதைக்கு மாத்திரையும் பயிற்சியும் போதும் என்றார். வெளியே வந்ததும் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். இருவருக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. அந்த ஆஸ்பத்திரி மோசம் என்று நான் சொல்லமாட்டேன். நல்லதாகவும் இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள அந்தப் பக்கம் உதவவில்லை, அவ்வளவுதான்.

எழுதியவருக்கு நன்றி சொல்லி ஒரு வரி போட்டேன். நான் கேட்டதற்கு அவர் பதில் சொல்லாமலே போயிருக்கலாம். அவர் பணம் வாங்கியதை யாரும் நிரூபித்திருக்கமுடியாது.

போன வாரம் நைனாவைத் திருச்சானூருக்கு அழைத்துப்போனேன். ஷேர் ஆட்டோவிலிருந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு தானே இறங்கினார்.

"வலிக்குதா நைனா?"

"வலிக்கத்தான் வலிக்குது. மொதல்ல எதனா துன்னலாம் வா" என்று எனக்கு முன்னால் நடந்தார்.