பிஸ்டன் இறுகிப்போன ஐப்பசி

அந்த மாதம் ரேஷனில் வாங்கிய மண்ணெண்ணெயில் நான் ஒரு நாள்கூட ஸ்டவ் பற்றவைக்கவில்லை. அத்தனையையும் என் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளுக்குள் ஊற்றினார். ஊற்றிவிட்டு, பக்கத்திலேயே குந்திக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மழையில் நனைந்த விறகை ஊதி ஊதி என் கண் சிவந்ததுதான் மிச்சம்.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி அது. அவர் உரக்கடையில் வேலை பார்த்தார். போக வர வாங்கினார். முத்துப்பேட்டைக்கு மேற்கே எங்களுடையது கடைமடை ஊர். ஆற்றில் தண்ணீர் எங்களுக்குக் கடைசியாகத்தான் வரும், நடவும் கடைசியாகத்தான் நடக்கும். நடவும் மழையும் ஒன்றாக வந்ததும் வண்டியை மாட்டுக் கொட்டகையில் சாத்திவைத்தார். ஒரு சனிக்கிழமை காலையில் அதை வெளியே உருட்டி வந்து கிக்கரை மிதித்தால் இறங்கவே இல்லை. உடம்புப் பாரம் முழுவதையும் போட்டு மிதித்தார். வண்டிதான் சாய்ந்தது. சிலிண்டருக்குள் பிஸ்டன் இறுகிவிட்டது என்றார், இளகட்டும் என்று மண்ணெண்ணெயை ஊற்றினார்.

வேறு சமயமாக இருந்தால் கிடக்கட்டும் என்று விட்டிருப்பேன். திங்கட்கிழமை மன்னார்குடியில் எங்கள் குத்தகை வழக்கு. என் மாமனார் தன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே உழுது வந்த வயலை விட்டு எங்களை வெளியேற்றச் சொல்லி, நிலத்துக்காரர் மனுப் போட்டிருந்தார். சொந்தமாகப் பயிர் வைக்கப்போகிறாராம். நான்தான் சாகுபடி செய்கிறேன் என்று மாமா நேரில் போய் வாக்குமூலம் தர வேண்டும். ஆரம்பத்தில் ஒழுங்காகப் போனவர், அப்புறம் உழவு, நாற்று என்று சாக்குச் சொல்லி வாய்தாக்களைத் தவறவிட்டார். இந்தத் தடவையும் வராவிட்டால் அவர் இல்லாமலே தீர்ப்பாகிவிடும் என்று வக்கீல் கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

அந்த வாரம் பார்த்து பஸ் ஸ்டிரைக். மாட்டு வண்டி கட்டலாம் என்றால், ஊரிலிருந்த மாடெல்லாம் உழவில். சைக்கிளில் வைத்து மிதிக்கலாம் என்றால், ஆற்றங்கரைக் களிமண் மட்கார்டுக்குள் அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றாது. மாமாவுக்கு இரண்டு காலிலும் சேற்றுப்புண். கொல்லைக்குப் போய் வருவதே பெரும்பாடு. எப்படிப் பார்த்தாலும் அந்தப் பாழாய்ப்போன வண்டிதான் கதி என்றாகிவிட்டது.

இதில் இன்னொரு கூத்தையும் சொல்ல வேண்டும். நிலத்துக்காரரை ஊரே ஐயா என்றுதான் கூப்பிடும். வழக்குப் போட்டவரும் அவர்தான், முந்தைய வாய்தாக்களுக்கு எங்கள் வண்டியிலேயே மன்னார்குடிக்குப் போய் வந்தவரும் அவர்தான். அவர் தன் காரை விற்று வெகுகாலம் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் ஓட்ட, நடுவில் ஐயா, பின்னால் தொத்திக்கொண்டு மாமா. கோர்ட்டு வாசலில் இறங்கி ஆளுக்கொரு வக்கீலைத் தேடிப் போவார்கள். மத்தியானம் ஒரே ஓட்டல். ஐயா சாப்பிட்டு எழுந்த பிறகுதான் மாமா உட்காருவார். ஊரில் ஒருத்தருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை. எங்கள் பக்கத்தில் வழக்கு வேறு, வண்டி வேறு. எனக்குத்தான் வயிறு எரியும்.

உழுகிறவனை இனி நிலத்தை விட்டு யாரும் எழுப்ப முடியாது, சட்டம் வந்துவிட்டது என்று கடைத்தெருவில் மைக் கட்டிப் பேசிய காலம் அது. மாமா முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டுவார். கூட்டம் முடிந்து ஐயா வீட்டு வழியாகத் திரும்பும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். சட்டம் போட்டவர்கள் இதற்கும் ஒரு சட்டம் போட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

சனிக்கிழமை முழுவதும் நட்டுகளோடு போனது. சரியான ஸ்பேனர் எங்கள் வீட்டில் கிடையாது. பம்புசெட்டு ஸ்பேனர் ஒரு செட் இருந்தது. எங்கள் ஊர் ஆண்களுக்கு உலகத்தில் உள்ள எல்லா நட்டுக்கும் பம்புசெட்டு ஸ்பேனர்தான். அது அந்த நட்டுக்குக் கொஞ்சம் லூஸ். சந்தில் தகரத் துண்டைச் செருகித் திருகினார். நட்டு அசையவில்லை, அதன் மூலைகள்தான் மழுங்கின. மழுங்கிய நட்டை உளி வைத்துத் தட்டினார். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று யோசனை சொன்னார்கள். ஒருத்தர் டீசல் ஊற்றச் சொன்னார், இன்னொருத்தர் வண்டியை மேட்டிலிருந்து உருட்டிவிடச் சொன்னார். சொல்லிவிட்டு எல்லோரும் டீக்கடைக்குப் போய்விட்டார்கள்.

ஐயா மட்டும் போகவில்லை. எங்கள் முற்றத்தில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டார். அவரும் திங்கட்கிழமை மன்னார்குடி போய்ச் சேர வேண்டுமே. அவசரப்படாதே, மெதுவாகத் தட்டு, இந்தப் பக்கம் தட்டு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எங்களை வயலை விட்டுக் கிளப்ப அவர் போக வேண்டிய வண்டி. அதைச் சீக்கிரம் சரி செய்யச் சொல்லி எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு நான் காபி போட்டுக் கொடுக்கிறேன். அந்தக் காபியில் சர்க்கரைக்குப் பதில் உப்பை அள்ளிப் போட எனக்கு எவ்வளவு நேரமாகியிருக்கும்? போடவில்லை. நல்ல டிகாக்‌ஷனாகவே கொடுத்துத் தொலைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஹெட் கழன்றது. கழன்றும் என்ன? சிலிண்டரை மேலே இழுத்தால் பிஸ்டன் விட மாட்டேன் என்றது. கட்டையை வைத்து உலக்கையால் தட்டிப் பார்த்தார். என் உலக்கை. பூண் நசுங்கியது, பிஸ்டன் இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் ஸ்பேனரைக் கொல்லைப் பக்கம் வீசி எறிந்தார், பிறகு அவரே போய்த் தேடி எடுத்து வந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. மாமாவின் கால் கழுவப் போட்டிருந்த வெந்நீர் அடுப்பில் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அப்படியே கொண்டுவந்து சிலிண்டரின் மேல் ஊற்றுங்கள் என்றேன். வேறு வழி தெரியாமல் ஊற்றினார்.

ஆவியோடு கிளம்பியது பாருங்கள் ஒரு நாற்றம். பெட்ரோல் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. சுத்தமான வேப்பெண்ணெய். முற்றம் முழுவதும் கசந்தது. ஐயாவே துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

நாங்கள் இரண்டு பேரும் மாமாவைத் திரும்பிப் பார்த்தோம். மாட்டுப் புண்ணுக்குத் தடவ வேப்பெண்ணெய் வாங்கி வைப்பவர் வீட்டில் அவர் ஒருவர்தான். அவர் முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை. சீசன் முடிந்து ஆயில் இஞ்சினைச் சாத்தும்போது உள்ளே கொஞ்சம் எண்ணெய் விட்டு வைப்பார்கள். சும்மா நிற்கிற வண்டிக்கும் அதையே செய்தாராம். மகன் பிளக்கைக் கழற்றுவதைப் பார்த்திருக்கிறார். தானும் கழற்றி, ஒரு கரண்டி விட்டு, பத்திரமாக மூடியிருக்கிறார்.

"சும்மா நிக்கிற இஞ்சினுக்கு எண்ண வுடாம வச்சா துருப் புடிச்சிராதா?" என்று என்னையே கேட்டார்.

அந்த எண்ணெய் உள்ளேயிருந்த கரியோடும் கொட்டகை ஈரத்தோடும் சேர்ந்து பிசினாக இறுகியிருந்தது. என் வீட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த குடம் வெந்நீர் போடச் சொன்னார். எனக்கு வேறு சந்தேகம். ஐயா எழுந்து தன் வீட்டுக்குப் போன பிறகு அதை வெளிப்படையாகவே கேட்டுவிட்டேன். கோர்ட்டுக்குப் போகப் பிடிக்காமல்தான் இதைச் செய்தீர்களா மாமா என்றேன். அப்படியெல்லாம் இல்லை என்றார். ஐயாவுக்கு எதிரே நின்று பேசுவதை நினைத்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்பதை மட்டும் ஒப்புக்கொண்டார். பொய் சொல்லத் தெரியாத மனுஷர் என்பதால் நம்பினேன். நம்பியதால் என் எரிச்சல் ஒன்றும் குறையவில்லை.

மேலும் இரண்டு குடம் வெந்நீர் ஊற்றிய பிறகு பிஸ்டன் அசைந்து கொடுத்தது. சிலிண்டர் கையோடு வந்தது. சந்தோஷப்பட நேரம் தராமல், பிஸ்டனைச் சுற்றிய பள்ளத்தில் ஒட்டிக்கிடந்த இரண்டு ரிங்கில் ஒன்றைக் கத்தியால் நெம்பும்போது அது பட்டென்று ஒடிந்தது. மாற்று ரிங் வாங்க வேண்டுமானால் டவுனுக்குப் போக வேண்டும். டவுனுக்குப் போக இந்த வண்டி வேண்டும். நான் தலையில் அடித்துக்கொண்டேன். கடைசியில் மிச்சமிருந்த ஒரு ரிங்கோடேயே எல்லாவற்றையும் பூட்டினார். வண்டி ஓடும், ஆனால் இழுக்காது, பின்னால் ஒரே ஒரு ஆள்தான் ஏற முடியும் என்றார்.

திங்கட்கிழமை விடிந்ததும் கிக்கரை மிதித்து மிதித்து அவர் சட்டை நனைந்தபோதுதான் ஸ்டார்ட் ஆனது. நீலப்புகை தெரு முழுவதும் நின்றது. ஆக்ஸிலேட்டரை விட்டால் அணைந்துவிடும் என்று முறுக்கிப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். ஐயா வெளுத்த வேட்டியும் தோல் பையுமாக வந்து நின்றார். பின்னால் ஒருத்தர்தான் என்று என் வீட்டுக்காரர் சத்தத்துக்கு மேல் கத்திச் சொன்னார்.

மாமா தோளிலிருந்த துண்டை எடுத்துச் சீட்டைத் துடைத்தார். ஐயாவைப் பார்த்து, ஏறுங்க என்றார்.

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. ஐயாவும் எந்தத் தயக்கமும் இல்லாமல் ஃபுட்ரெஸ்டில் ஒரு காலை வைத்துவிட்டார். நான் ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் நின்றேன்.

"அவுங்க போவலன்னா அவுங்க வக்கீல் பேசிக்குவாரு. நீங்க போவலன்னா நமக்கு யாரு பேசுவா? நீங்க ஏறுங்க மாமா."

"ஐயா நிக்கிறப்ப நான் எப்புடிம்மா ஏறி ஒக்காருறது?"

கோபமாகச் சொல்லவில்லை. பதில் தெரியாமல் உண்மையாகவே என்னைக் கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஐயாவின் பக்கம் திரும்பினேன். இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து நான் அவர் முகத்தைப் பார்த்துப் பேசியது கிடையாது.

"எறங்குங்கய்யா. இது எங்க வண்டி."

ஐயா என்னைப் பார்க்கவில்லை, மாமாவைப் பார்த்தார். மாமா என்னை உள்ளே போகச் சொல்லி அதட்டினார். நான் நகரவில்லை. இஞ்சின் இரைந்துகொண்டே இருந்தது. கடைசியில் என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்க்காமலே, ஏறுப்பா என்றார். ஐயா காலைக் கீழே எடுத்தார். மாமா ஏறி உட்கார்ந்தார். தெரு திரும்பும் வரை அவர் ஐயாவைப் பார்த்துக் கும்பிட்ட கையை இறக்கவே இல்லை.

வண்டி வழியில் நிற்காமல் போய்ச் சேர்ந்தது. வாக்குமூலம் பதிவானது. அறுவடைக்கு முன்பே ஐயாவின் மனு தள்ளுபடியாகி, சாகுபடி எங்களுக்கே நிலைத்தது. வாக்குமூலம் தந்த அன்று சாயங்காலம் திரும்பி வந்த மாமா வீட்டுக்குள் நுழையவில்லை. நேராக ஐயா வீட்டுக்குப் போய், நான் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் வந்தார். வந்து, என் காதில் விழும்படி மகனிடம் சொன்னார்:

"ஐயா ஒண்ணும் மனசுல வச்சுக்கல. ஒம் பொண்டாட்டிய மட்டும் சொல்லி வை."

ஐயா மனதில் வைத்துக்கொள்ளவில்லை. மாமா வைத்துக்கொண்டார். கண் மூடும் வரை அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வேண்டியதை எல்லாம் மகனிடம்தான் சொல்லுவார். அந்த வயலில் அவர் உழுது, அவர் அறுத்து வந்த நெல்லின் சோற்றைத்தான் நான் தினமும் அவருக்குப் போட்டேன். என் முகத்தைப் பாராமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார்.