ஒன்றும் நடக்காத வீட்டின் ஆண்டறிக்கை

லிஃப்ட் மெக்கானிக்கின் தொழிலில் நல்ல நாள் என்றால் எதுவும் நடக்காத நாள். ஏறியவர் ஏறினார், இறங்கியவர் இறங்கினார், நடுவில் யாரும் மாட்டிக்கொண்டு அலறவில்லை என்றால் அதுதான் அவருடைய சாதனை. இதற்காக யாரும் கைதட்டுவதில்லை. வீட்டையும் அவர் அப்படியே நடத்திவந்தார். அங்கேயும் கைதட்டல் இல்லை.

ஆண்டிறுதி விடுமுறையில் நான்கு நண்பர் குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடும். சாப்பிட்டு முடித்ததும் ஒவ்வொரு வீட்டாரும் அந்த ஆண்டில் நடந்ததைச் சபையில் சொல்லவேண்டும். சொல்லிக்கொள்ளும்படி எந்த வீட்டில் ஒன்றும் நடக்கவில்லையோ, அந்த வீட்டார்தான் எல்லார் தட்டுகளையும் கழுவவேண்டும். விளையாட்டாக வந்த சட்டம். நாட்டின் சட்டங்களைவிடக் கறாராக அமலில் இருந்தது. மெக்கானிக் குடும்பம் ஆண்டு தவறாமல் கழுவிக்கொண்டிருந்தது.

இந்த முறை வீட்டைப் பூட்டும்போதே மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"இன்னைக்கும் என்னால அவங்க முன்னாடி தலைகுனிஞ்சு தட்டு கழுவ முடியாது. எதையாவது அடிச்சு விடுங்க. கம்பெனியில உங்களை வெளிநாடு அனுப்புறாங்கன்னு சொல்லுங்க."

"எந்த நாட்டுக்குன்னு கேட்டா?"

"லிஃப்ட் இருக்கிற நாட்டுக்கு!"

சபை கூடியது. பல் டாக்டர் தாம் மாடி கட்டிய கதையைப் படிப்படியாக ஏறிக் காட்டினார். வாத்தியார், மகளுக்கு மாப்பிள்ளை அமைந்ததையும், தம்மோடு பேசிய பிறகும் அவன் ஓடாமல் நின்றதையும் சொன்னார்.

அடுத்தவர் தையல்காரர். ஆண்டின் நடுவில் அவர் மனைவி காய்ச்சல் என்று படுத்தாள், எழவில்லை. தனியாக வந்திருந்தார். ஊருக்கெல்லாம் பட்டன் வைப்பவரின் சட்டையில் ஒரு பட்டனைக் காணோம்.

"எங்க வீட்ல நடந்ததுதான் உங்களுக்கே தெரியுமே. அடுத்த ஆளைக் கேளுங்கப்பா" என்றார்.

அடுத்த ஆள் மெக்கானிக். மேஜைக்கு அடியில் மனைவி தொடையைக் கிள்ளினாள். வெளிநாடு நாக்கு நுனிவரை வந்தது. தையல்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்ல வாய் வரவில்லை.

"ஒண்ணும் நடக்கலை. காலையில போனேன், சாயங்காலம் வந்தேன். அவ்வளவுதான்."

"வெச்சுக்கங்க தட்டை!" என்று பல் டாக்டர் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தார். கிள்ளல் இறுகியது.

தையல்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "வந்ததும் கதவை யாரு தம்பி திறப்பா?"

"இவதான்."

"தினமுமா?"

"தினமும்தாண்ணே."

பல் டாக்டர் வாயை மூடிக்கொண்டார்.

"திறந்ததும் என்ன சொல்லுவா?"

மெக்கானிக் யோசித்தார். ஆண்டு முழுக்கக் கேட்ட வார்த்தை. எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் எந்த மாடியில் முனகும் என்று தூக்கத்தில்கூடச் சொல்லக்கூடியவருக்கு இது வரவில்லை. முகம் சுண்டிப்போயிற்று.

"நான் சொல்றேண்ணே" என்றாள் மனைவி. "'கிரீஸ் கையோட சுவத்தைத் தொடாதீங்க'ன்னு சொல்லுவேன். மனுஷன் தொட்டுட்டுத்தான் உள்ளே வருவாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, சண்டைதான். சொல்ற மாதிரியா இருக்கு அதெல்லாம்?"

"இருக்கும்மா." தையல்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஒண்ணு விடாம சொல்லு."

அவள் கணவனின் தொடையை விட்டாள். முந்தானையைச் சரிசெய்து நிமிர்ந்து உட்கார்ந்து, சுவரிலிருந்து ஆரம்பித்தாள்.