பரண் மேல் ஒன்பது குடம்

எங்கள் வீட்டில் அப்பா அம்மாவின் கல்யாணப் படம் ஒன்றுகூடக் கிடையாது. யாராவது கேட்டால் "வெள்ளத்துல போச்சு" என்போம். கேட்டவர்கள் சிரிப்பார்கள். திண்டுக்கல்லில் வெள்ளமா, குடிக்கவே தண்ணீருக்கு அலைகிற ஊரில்! அவர்கள் சிரிப்பதும் நியாயம்தான். அப்பாவும் அன்றைக்குச் சிரிக்கத்தான் செய்தார், பாவம்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. குளத்துக்குப் பின்னால், தெருவிலேயே பள்ளமான இடத்தில் எங்கள் வீடு. நான்கு நாளாக விடாத மழை. ஐந்தாம் நாள் ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஒன்று வந்து, குளம் நிரம்பிவிட்டது, பள்ளத்தில் இருப்பவர்கள் மேட்டுக்குப் போங்கள் என்று கத்திக்கொண்டே போனது.

"இம்புட்டுத் தண்ணி இருக்கிற ஊருன்னா நாம ஏன் குழாயடியில அடிச்சுக்கிறோம்?" என்றார் அப்பா. சொல்லிக்கொண்டே மெயினை அணைத்தார், சிலிண்டரை மூடினார், ரேஷன் கார்டையும் பாஸ்புக்கையும் பாலிதீன் பையில் சுருட்டி அம்மாவிடம் கொடுத்தார். டிவியையும் அரிசி மூட்டையையும் கட்டில்மேல் தூக்கி வைத்தார்.

கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி உண்டு. அம்மாவின் முகூர்த்தச் சேலையும் கல்யாண ஆல்பமும் அதில்தான். அதில் என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு. அப்பா பூட்டுக்குப் பேர்போன ஊர்க்காரர் இல்லையா? விட்டால் சோற்றுப்பானையையும் பூட்டியிருப்பார். பெட்டிச் சாவி அவருடைய ஆட்டோ சாவியோடு ஒரே வளையத்தில் தொங்கும்.

"பெட்டிய பரண்ல ஏத்திரு. வண்டிய மேட்டுல விட்டுட்டு செத்த நேரத்துல வாரேன்" என்று அப்பா கிளம்பிவிட்டார். நானும் அம்மாவும் மூச்சுமுட்ட அந்தப் பெட்டியைச் சமையலறைப் பரணில் ஏற்றினோம். சின்னப் பரண். பெட்டி ஏறியதும் இடம் முடிந்துபோனது.

வாசலில் மண்மூட்டை போட்டிருந்தோம். தண்ணீரோ குளியலறை மடை வழியாக, சாக்கடையையும் கூட்டிக்கொண்டு, கறுப்பாக உள்ளே வந்தது. என் கணுக்கால் நனைந்தபோது அம்மா சமையலறைத் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே ஒன்பது குடம் குடிதண்ணீர் இருந்தது. முந்தாநாள்தான் குழாயில் வந்தது. இனி வர பதினைந்து நாளாகும். தம்பி மஞ்சள்காமாலையில் விழுந்து அப்போதுதான் எழுந்திருந்தான். நல்ல தண்ணீரைக் காய்ச்சித்தான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி திரும்பிவிடும் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார்.

"ஏ புள்ள, வா. பெட்டிய ஒரு கை பிடி."

"இப்பத்தானம்மா ஏத்தினோம்?"

"பிடின்னா பிடி."

இறக்கினோம். அம்மா பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. "ஆல்பத்தையாவது வெளிய எடுத்துரலாம்னா, சாவி அவருகிட்டல்ல இருக்கு" என்றாள், தனக்குத்தானே. கட்டிலில் டிவிக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்து, அதன் மூடியைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். நான் குடங்களை நகர்த்தி நகர்த்திக் கொடுக்க, முக்காலிமேல் ஏறி ஏறி ஒன்பதையும் பரணில் வைத்து, தட்டுப் போட்டு மூடினாள்.

அப்பா முழங்கால் தண்ணீரில் திரும்பி வந்து தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டார். தெருக்கோடி மாடிவீட்டில் ஒதுங்கினோம். மறுநாள் பார்த்தால் தண்ணீர் கட்டிலுக்கு மேலே ஒரு சாண் ஏறியிருந்தது. மாடியில் எட்டுக் குடும்பம். நல்ல தண்ணீர் எங்கள் பரணில் மட்டும். இடுப்பளவு தண்ணீரில் ஒவ்வொரு குடமாகச் சுமந்து வந்த அப்பா, "வெள்ளத்துக்குள்ள தண்ணி தூக்குற ஆளு ஒலகத்துலயே நான் ஒருத்தந்தான்" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். தம்பிக்குக் காய்ச்சிய தண்ணீர் ஒரு வேளைகூடத் தவறவில்லை. மற்றவர்களுக்கும் அம்மா டம்ளரால் அளந்து ஊற்றினாள்.

மூன்றாம் நாள் வடிந்தது. அப்பா பெட்டியைத் திறந்தார். அந்தப் பூட்டுக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை, சாவி போட்டதும் சொடக்கென்று திறந்துகொண்டது. உள்ளே ஆல்பம் ஊறி, தாளோடு தாள் ஒட்டி, மாலையும் முகமும் ஒரே சிவப்பாகக் கரைந்து கிடந்தன.

அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார். "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, பெட்டிய ஏத்துன்னு?"

"பதட்டத்துல நெனப்பே வரலைங்க" என்றாள் அம்மா.

நான் வாயைத் திறந்தேன். அம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். கூறுகெட்டவள், குடத்துக்கு இருக்கிற மரியாதை தாலி கட்டினவனுக்கு இல்லை என்று அப்பா பொழுதுக்கும் திட்டிக்கொண்டிருந்தார். அம்மா முகூர்த்தச் சேலையை அலசிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

சாவி உங்களிடம்தானே இருந்தது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அப்பா அந்த நிமிஷமே வாயடைத்துப் போயிருப்பார். அம்மா கடைசிவரை கேட்கவே இல்லை. நமக்கு வாய்த்த அம்மாவுக்குச் சண்டை போடக்கூடத் தெரியவில்லையே என்று எனக்கு அன்றைக்கு ஒரே வருத்தம்.