சாக்பீஸ் வேனில் ஒரு சீட்

காலி வேனை வாங்கி, அதற்குள் படுக்கை, அடுப்பு, அலமாரி எல்லாம் பொருத்திக் குடும்பம் குடும்பமாக ஊர் சுற்ற அனுப்பி வைக்கிற பட்டறை எங்களுடையது. நான் வெல்டர். சீட்டும் சாமான் பெட்டிகளும் அக்காவின் பொறுப்பு. கூடப் பிறந்தவள் இல்லை. ஆனால் கூடப் பிறந்தவளைவிட அதிகமாகத் திட்டுவாள்.

ஆர்டர் கொடுக்க வருகிறவர்களுக்கு அக்கா படமெல்லாம் காட்ட மாட்டாள். பட்டறைத் தரையில் வேனை அதே அளவில் சாக்பீஸால் வரைந்து, மொத்தக் குடும்பத்தையும் உள்ளே ஏற்றி, ஒரு மணி நேரம் குடியிருக்கச் சொல்வாள். "பெஞ்சுக்கு அடியிலதான் சாமான் பெட்டி. சர்க்கரை எடுக்கணும்னா மாமியார் எந்திரிக்கணும். எத்தன தடவ எந்திரிப்பாங்கன்னு இப்பவே பாத்துக்கோங்க." நாலாவது தடவை மாமியார் அசைய மாட்டார். அந்தக் குடும்பம் ஆர்டரை ரத்து செய்துவிட்டு, மீதிச் சண்டையை வீட்டில் போய் வைத்துக்கொள்ளும். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார்.

இப்படி ஊரான் வீட்டுப் பயணங்களைத் தரையிலேயே கவிழ்த்தவள், போன ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மாமா முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டை விற்றுவிட்டு இனி வேனிலேயே காலத்தை ஓட்டலாம் என்று ஒற்றைக் காலில் நின்றார். வீடு இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. மறுநாள் அக்காவும் கையெழுத்துப் போட்டால்தான் விற்க முடியும்.

"நீங்களே வரைங்க" என்று சாக்பீஸை நீட்டினாள்.

மாமா வரைந்தார். முன்னால் டிரைவர் சீட், தாராளமாக. பக்கத்து சீட் வரவேண்டிய இடத்தில் ஆளுயர அலமாரி. தூண்டில், டூல்ஸ், மடக்கு நாற்காலி எல்லாம் அதற்குள்ளாம். பின்னால் சமையல் மேடை, அதற்கும் பின்னால் பெஞ்ச்.

"நான் எங்க உக்கார்றது?"

"அதான் பெஞ்ச் இருக்கே. கால நீட்டிக்கலாம்."

அக்கா போய் அங்கே உட்கார்ந்தாள். மாமா ஸ்டூலைப் போட்டுக்கொண்டு இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்தார். சத்தியமாகச் சொல்கிறேன், கியர்கூட மாற்றினார்.

"ஏங்க, இந்தப் பக்கம் கொஞ்சம் திரும்புங்களேன்."

"வண்டி ஓடும்போதா?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவள் கண் கலங்கி அதுவரை நான் பார்த்ததில்லை.

"உங்க முதுகப் பாத்துக்கிட்டு வர்றதுக்கு நான் டிக்கெட் வாங்கல" என்று எழுந்தவள், நேராகக் கோட்டைத் தாண்டி நடந்தாள்.

"கதவு அந்தப் பக்கம்!" என்றார் மாமா. எந்த நேரத்தில் எதைச் சொல்வதென்று மனுஷனுக்கு விவஸ்தையே இல்லை.

"நாளைக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

மாமா கொஞ்ச நேரம் தனியாக ஓட்டினார். நான் திருகாணிகளை அளவுவாரியாகப் பிரித்து, ஒன்றாகக் கொட்டி, மறுபடியும் பிரித்தேன். கடைசியில் மாமா ஹேண்ட் பிரேக் போட்டு, முறைப்படி கதவு வழியாக இறங்கி, அலமாரியைக் காலால் தேய்த்து அழித்தார்.

"தூண்டிலெல்லாம் பெஞ்சுக்கு அடியில போட்டுக்கலாம்" என்று முனகிக்கொண்டே அந்த இடத்தில் ஒரு சீட் வரைந்தார்.

அக்கா வந்து டேப்பை வைத்தாள். "பதினாறு அங்குலம். எனக்குப் பத்தாது."

மாமா அவளைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார். நல்லவேளை, வாயைத் திறக்கவில்லை. தன் சீட்டின் கோட்டை அழித்து, இரண்டு அங்குலம் தள்ளிப் போட்டார். திரும்ப உட்கார்ந்தபோது அவருடைய முழங்கை வேனுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அக்கா இன்னொரு ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"நாளைக்குக் கையெழுத்து எத்தன மணிக்கு?" என்றாள்.