மஞ்சள் ஒட்டுப் போட்ட படங்கு

நான் எடுத்த ஆவணப்படத்தில் பேசுவதற்குச் சித்தி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். முகம் தெரியக் கூடாது.

"நான் கைக்காசு ஆளு பாப்பா, அன்னன்னிக்குக் கூலி. பேரு பதிஞ்சவங்கன்னா சங்கம் கேக்கும். எனக்கு யாரு கேப்பா? காலையில பெரட்டுல கூப்பிடலன்னா அம்புட்டுதான்."

மஸ்கெலியாவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பக்கத்துக் காம்பரா, அதாவது பக்கத்து அறை, அவருடையது. உறவு ஒன்றுமில்லை. நான் பேசப் பழகியதிலிருந்தே சித்தி. கணவர் இறந்துவிட்டார், மகள் படிக்கிறாள். நிறுவையில் கொழுந்தின் எடையை வெட்டுகிறார்கள் என்று பெண்கள் எல்லோரும் வேலையை நிறுத்தி, காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் உட்கார்ந்தார்களே, அதற்கு முதல் நாள் லயம் லயமாகப் போய்ப் பேசி வைத்தது சித்திதான். அந்த ஆள் யாரென்று தோட்டத்து ஆபீஸ் தலைகீழாக நின்று பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு பெண்ணும் வாயைத் திறக்கவில்லை.

அந்தக் கதையைத்தான் படத்தில் சொன்னார். நான் அவரை மலையில் வைத்துப் பின்பக்கமாக எடுத்தேன். குரலையும் மாற்றினேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு எனக்கு.

ஹட்டனில் ஒரு மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை படத்தைப் போட்டோம். பெண்கள் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். சித்தி மட்டும் வரவில்லை. அவர் காட்சி வந்ததும் எங்கள் லயத்து அக்கா ஒருவர் எழுந்து கத்தினார்.

"ஏ, இது நம்ம சித்தி படங்குல்ல! அந்த மஞ்ச ஒட்டப் பாரு!"

மண்டபமே கைதட்டியது. செடி கிழிக்காமலிருக்க இடுப்பில் சுற்றிக் கட்டும் தார்ப்பாய்தான் படங்கு. எல்லோருடையதும் ஒரே நீலம், ஒட்டுத்துணிதான் வேறு. பனிமூட்டத்தில் தலையை மூடிக்கொண்டு நிற்கிறவர்களை நாங்கள் அந்த ஒட்டை வைத்துத்தான் அடையாளம் காண்போம். அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோன காலத்தில் நானும் அப்படித்தான் கண்டுபிடிப்பேன். கொழும்பிலிருந்து வந்தவர் எடுத்திருந்தால் மன்னிக்கலாம். லயத்தில் பிறந்த எனக்கு எப்படி மறந்தது? என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

யாரோ அந்தக் காட்சியைப் போனில் பிடித்திருக்கிறார்கள். நான் பஸ்ஸில் மஸ்கெலியா போய்ச் சேரும் முன்பே அது தோட்டத்துக்குப் போய்விட்டது. மறுநாள் பெரட்டில் சித்தியைக் கூப்பிடவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

ஐந்தாம் நாள் நானும் களத்துக்குப் போனேன். படங்கைக் கட்டிக்கொண்டு சித்தி ஓரமாக நின்றார். மஞ்சள் ஒட்டைப் பிரித்துவிட்டு நீலத்துணி வைத்துத் தைத்திருந்தார். பழைய ஊசி ஓட்டைகள் அப்படியே இருந்தன. கணக்கப்பிள்ளை எல்லோரையும் கூப்பிட்டு முடித்து, கொப்பியை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"படம் எடுக்கிறவங்ககிட்டயே வேல கேக்கச் சொல்லுங்க."

பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு மலைக்கு ஏறினார்கள். மண்டபத்தில் கத்திய அக்காவும் போனார். சித்திக்காக அன்று யாரும் உட்காரவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

திரும்பி நடக்கும்போது அழுகையை அடக்க முடியாமல் சொன்னேன்.

"அந்தக் காட்சிய வெட்டிர்றேன் சித்தி."

"இனி வெட்டி என்னத்துக்கு?" என்றார். படங்கை அவிழ்த்து மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பிறகு, என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"இதுக்கு முகத்தையே காட்டியிருக்கலாம் பாப்பா. எம் மகளாவது பாத்திருப்பா."