மொதல்ல அந்தப் பழைய கல்லைக் காட்டு

1. எது நெசம்?

"இன்னா மேடம், படத்துல போர்வெல் எம் பக்கம் கீது. நெலத்துல எந்தம்பி பக்கம் கீது. எது நெசம்?"

ஒரு திங்கட்கிழமை காலை, கம்ப்யூட்டர் ஆன் ஆவதற்கு முன்பே என் மேசைமேல் படத்தை விரித்துப் போட்டுக் கஸ்தூரியம்மா கேட்டார். உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் சர்வே ஆபீசில் பத்தொன்பது வருஷமாக டிராயிங் போடுகிறேன். என் படத்தைக் கொண்டுவந்து என்னிடமே யாராவது கேள்வி கேட்டால் எனக்குச் சுர்ரென்று வரும். அன்றைக்கும் வந்தது.

கஸ்தூரியம்மாவும் அவர் தம்பி ரங்கநாதனும் பெருநகரில் அப்பா விட்டுப்போன நிலத்தை இரண்டாகப் பிரிக்க எங்களிடம் அளக்கக் கொடுத்திருந்தார்கள். மேற்குப் பாதி அக்காவுக்கு, கிழக்குப் பாதி தம்பிக்கு. நடுவில் இருந்த போர்வெல் அக்கா தன் வளையலை விற்றுப் போட்டது. ஆகவே பாகக்கோடு போருக்குக் கிழக்கே இரண்டு மீட்டர் தள்ளிப் போக வேண்டும் என்று இருவரும் பேசி முடித்துவிட்டுத்தான் வந்தார்கள். சண்டை சச்சரவு இல்லாமல் பாகம் பிரிக்க வருபவர்களை எங்கள் ஆபீசில் வருஷத்துக்கு இரண்டு பேரைப் பார்த்தால் அதிகம்.

சனிக்கிழமை கல் நட்டாயிற்று. கோட்டின் இரண்டு முனைக்கும் புதுசாக இரண்டே கல். இரண்டும் போருக்கு மேற்கே நின்றன. போர் தம்பி பாகத்துக்குப் போய்விட்டது.

நான் கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்தேன். போரிலிருந்து கோடு வரை அளந்தேன், இரண்டு மீட்டர். கோட்டின் நீளம் சரி. இரண்டு பாகத்தின் பரப்பும் சரி.

"டிராயிங்ல தப்பு இல்லம்மா. கல் நட்டவரைத்தான் கேக்கணும்" என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன் என்பதை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது.

2. ஏழுமலைமேல் பழி

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். நிலத்தின் ஒவ்வொரு மூலைக்கும் ஈஸ்டிங், நார்த்திங் என்று இரண்டு எண்கள் உண்டு, கிழக்கே எவ்வளவு, வடக்கே எவ்வளவு என்று. படத்தில் புள்ளியைக் கிளிக் செய்தால், எங்கள் ஆபீசில் வைத்திருக்கும் லிஸ்ப் என்கிற சின்ன புரோகிராம் அந்த எண்களைப் பக்கத்தில் லேபிளாக எழுதிவிடும். பீல்டு ஆள் அந்த லேபிளைப் பார்த்து, ரோவர் என்கிற ஜி.பி.எஸ். கருவியில் எண்ணை அடிப்பார். கையில் பிடித்திருக்கும் ரோவர் கம்பம் இடமா வலமா என்று வழி சொல்லி, அந்த இடத்துக்கே கூட்டிக்கொண்டு போய் நிறுத்தும். அங்கே கல் நட வேண்டியதுதான்.

எங்கள் பீல்டு ஆள் ஏழுமலை. எனக்கு முன்பிருந்தே ஆபீசில் இருப்பவர்.

"நம்பர் சொன்ன எடத்துலதான் மேடம் நட்டேன்" என்றார்.

"கண்ணாடி மாத்துய்யா, ஏழுமலை. எட்டு எது மூணு எதுன்னு தெர்ல உனக்கு" என்றார் முதலாளி.

கஸ்தூரியம்மாவுக்கு வேறு கணக்கு. "எந்தம்பி வண்டியிலதான அன்னிக்கி நெலத்துக்கு வந்த? அவன் வாங்கிக் குடுத்த பிரியாணியத் துன்னுட்டுத்தான கல்ல நட்ட?"

ஏழுமலை வண்டியில் போனதும் உண்மை, பிரியாணியும் உண்மை. பஸ் வராத அன்றைக்கு யார் வண்டி கிடைத்தாலும் ஏறிப்போகிற வேலை எங்களுடையது.

3. பக்கத்துக் கழனியில்

மறுநாள் காலை எல்லோரும் பெருநகர் போனோம். ரங்கநாதன் கம்பெனி வேலைக்கு லீவு போட்டுவிட்டு வரப்பில் காத்திருந்தார்.

"அக்கா, சத்தியமா நான் ஒண்ணும் பண்ணலக்கா."

அக்கா அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. மூன்று நாளாக இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லையாம்.

ஏழுமலை எண்ணை மறுபடி அடித்தார். நானே பக்கத்தில் நின்று ஒவ்வொரு இலக்கமாகச் சரிபார்த்தேன். ரோவர் நேராக அதே தப்பான கல்லுக்கே போய் நின்றது. அப்போதும் நான் இறங்கி வரவில்லை. "ரோவர்ல ஏதோ கோளாறு" என்றேன். முதலாளியும் தலையை ஆட்டினார்.

கஸ்தூரியம்மா படத்தை என் முன்னால் நீட்டி, தென்மேற்கு மூலையில் விரலை வைத்தார்.

"இந்தா, வாய்க்கா ஓரம் கீற கல்லு. எங்க நைனா பொறக்கறதுக்கு மின்ன நட்டது. அதுக்கும் நீ நம்பர் எழுதிகீற இல்ல? மொதல்ல அந்த நம்பர வெச்சி அந்தப் பழைய கல்லைக் காட்டு, பாக்கலாம். அப்பறம் புதுக் கல்லப் பத்திப் பேசு."

ஏழுமலை அடித்தார். ரோவர் கல்லைத் தாண்டியது. வரப்பைத் தாண்டியது. பக்கத்துக் கழனியின் நாற்றங்காலில் இறங்கி, கல்லுக்கு மேற்கே நாலு மீட்டர் தள்ளி நின்றது. முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு ஏழுமலை சொன்னார்: "மேடம், கல்லு இங்கதான் கீதுன்னு சொல்லுது."

யாரும் சிரிக்கவில்லை.

நாலு மீட்டர் என்றதும் நினைவு வந்துவிட்டது. எல்லா எண்ணுக்கும் ஆதாரமாக ஒரு பேஸ் புள்ளி உண்டு; முதலில் எனக்கு வந்த அதன் அளவு தோராயமானது. அதை வைத்துப் படம் போட்டு, லேபிளும் போட்டு முடித்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துத் திருத்திய அளவு வந்தது, நாலு மீட்டர் கிழக்கே. மொத்தப் படத்தையும் செலக்ட் செய்து, மூவ் கொடுத்து, நாலு மீட்டர் தள்ளினேன். கோடு நகர்ந்தது, புள்ளி நகர்ந்தது, லேபிளும் கூடவே நகர்ந்து புதுப் புள்ளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. லேபிளில் எழுதியிருந்த எண் மட்டும் பழைய எண்ணாகவே இருந்தது. அது வெறும் டெக்ஸ்ட். எல்லாம் சேர்ந்து நகர்ந்ததால் படத்துக்குள் எதை அளந்தாலும் சரியாகத்தான் வரும்.

முதலாளி என்னைப் பார்த்தார். 'ஆபீஸ்ல போய்ப் பேசிக்கலாம்' என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். ஆனால் சேற்றில் ஏழுமலை நிற்கிறார், வரப்பில் அந்தத் தம்பி நிற்கிறார்.

"தப்பு என்னுதும்மா. படத்த நகத்திட்டு நம்பர மாத்தாம வுட்டுட்டேன். ஏழுமலை மேலயும் தப்பில்ல, உங்க தம்பி மேலயும் தப்பில்ல" என்றேன்.

வேப்பமரத்தடியில் லேப்டாப்பைத் திறந்து, பழைய லேபிள்களை அழித்து, புதிதாகப் போட்டேன். ஏழுமலை முதலில் பழைய கல்லின் எண்ணை அடித்தார். ரோவர் கல்லின் தலைமேல் வந்து நின்றது. அதற்குப் பிறகுதான் புதுக் கல் இரண்டின் எண்களையும் வாய்விட்டுப் படித்தேன். இரண்டு இடமும் போருக்குக் கிழக்கே வந்தன.

ரங்கநாதன் யாரையும் கூப்பிடவில்லை. தானே கடப்பாரையை எடுத்து ஒவ்வொரு கல்லாகப் பெயர்த்து, தோளில் தூக்கி, தன் பக்கமாக நாலு மீட்டர் நடந்து வந்து போட்டார். கஸ்தூரியம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ரங்கா... நாஷ்டா துன்னியாடா?"

"இல்லக்கா."

"கல்ல நட்டுட்டு வூட்டுக்கு வா. இட்லி கீது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு மூவ் கமாண்டில் நான் பிரித்துவைத்த இரண்டு பேர் அவர்கள்.

4. இப்போது

மறுநாள் ஆபீசில் எல்லோர் முன்னாலும் ஏழுமலையிடம் மன்னிப்புக் கேட்டேன். "வுடுங்க மேடம். சேத்துல எறங்குனதுக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்க" என்றார். முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டு அவரும் ஒரு டீ சொன்னார்.

படத்தை நகர்த்தினால் தானே மாறிக்கொள்ளும் லேபிள்கள் இப்போது உண்டு. அதைத்தான் போடுகிறேன். என் வேலையில் எனக்கு இன்றும் நம்பிக்கை அதிகம்தான், அதைக் குறைத்துக்கொள்ளவில்லை. ஆனால் நான் போடும் ஒவ்வொரு படத்திலும், நிலத்தில் ஏற்கெனவே நிற்கிற ஒரு பழைய கல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம் இருக்கும். ரோவர் அதைக் கண்டுபிடித்துக் காட்டாமல் புதுக் கல் நடக்கூடாது. அந்தக் கல்லுக்குப் பெயர் வைத்தது ஏழுமலை.

இன்று காலைகூட தென்னேரியிலிருந்து போன் செய்தார்.

"மேடம், கஸ்தூரி கல்லு மேலதான் நின்னுக்கினு கீறேன். கரெக்டா காட்டுது. இப்ப அடுத்த நம்பர சொல்லுங்க."