கண்ணளவு மாஸ்டர் வீட்டு லெதர் ஜாக்கெட்

அந்த லெதர் ஜாக்கெட் பட்டறையில் கட்டிங் மாஸ்டரைக் கண்ணளவு மாஸ்டர் என்பார்கள். ஊரே கூடி வைத்த பட்டப்பெயர் என்று அவர் சொல்லிக்கொள்வார், வைத்தது அவரேதான். வாசலில் ஆள் நுழையும்போதே தோள் இவ்வளவு, மார்பு இவ்வளவு என்று சொல்லிவிடுவார். அப்புறம் பட்டறையில் வேறு யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, டேப்பை வைத்துச் சரிபார்த்துக்கொள்வார்.

வேலையில் மட்டும் குறை சொல்ல முடியாது. தோலை ஜன்னலோர மேஜையில் விரித்து, வெளிச்சத்தில் கையால் தடவிப் பார்ப்பார். முள் கிழித்த தழும்பு, பூச்சி கடித்த புள்ளி, கழுத்துச் சுருக்கம் எதுவும் தப்பாது. முதுகுத்தோல் கெட்டியானது, அது ஜாக்கெட்டின் முதுகுக்குப் போகும். வயிற்றுத்தோல் இழுத்த இழுப்புக்கு வரும்; அதைக் காலருக்கு அடியில் கண்மறைவாகச் சேர்ப்பார். துணியென்றால் தையலைப் பிரித்து மறுபடி தைக்கலாம். தோலில் ஊசி போட்ட ஓட்டை போட்டதுதான், மூடவே மூடாது. அதனால் அந்தப் பட்டறையில் குண்டூசிகூடக் கிடையாது, எல்லாம் கிளிப்தான்.

"இதுல அப்படி என்ன இருக்கு?" என்று யாராவது வாய்தவறிக் கேட்டுவிட்டால் தொலைந்தார்கள்.

"சார், மத்ததெல்லாம் பழசாகும். இது உங்களோட பழகும். போடப் போட உங்க முழங்கை, உங்க தோள், உங்க கூன் எல்லாம் அதுல வந்துடும். அப்புறம் தூக்கிப் போட மனசு வராது."

கூன் என்ற சொல்லைக் கேட்டுக் கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. இத்தனை பேசுகிறவருக்குச் சொந்தமாக ஒரு லெதர் ஜாக்கெட் கிடையாது. ஜிப் போன ஸ்வெட்டரில்தான் காலம் தள்ளினார். காரணம் கேட்டால், "செய்யறவன் போட்டுக்கிட்டா நல்லாவா இருக்கும்?" என்பார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கே தெரியாது.

இப்படி இருக்கும்போது அவர் மனைவிக்கு ஒரு பேக்கரியில் வேலை கிடைத்தது. விடிவதற்கு முன்பே ஸ்கூட்டரில் போயாக வேண்டும். குளிர் எலும்பு வரைக்கும் இறங்கியது. கல்யாணமான நாளிலிருந்து கணவரிடம் எதுவும் தைத்துத் தரச் சொல்லிக் கேட்காதவள் முதல்முறையாகக் கேட்டாள்.

"என்னங்க, எனக்கும் ஒண்ணு செஞ்சு குடுங்களேன்."

மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை.

"அளவு எடுத்துக்கோங்க" என்று கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

"உனக்கு எதுக்கு டேப்பு? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்."

அவள் விரித்த கைகளை இறக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

வாடிக்கையாளர் யாருக்கும் வெட்ட மனசு வராமல் வைத்திருந்த பழுப்புத் தோலை முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கினார். மதிய இடைவேளையில் கூடச் சாப்பிடாமல் வெட்டினார். தைக்க உட்கார்ந்த தையல்கார அம்மா துண்டுகளைப் புரட்டிப் பார்த்தார்.

"இது உங்க பொண்ணுக்கா அண்ணே?"

"பொண்டாட்டிக்கும்மா."

"அண்ணிய கடைசியா எப்ப பாத்தீங்க?"

"இன்னைக்குக் காலையிலதான். ஏன்?"

அந்த அம்மா சிரித்துக்கொண்டே மெஷினை ஓட்டினார். மாஸ்டரின் மரமண்டைக்கு ஏறவில்லை.

வீட்டில் மனைவி ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்தாள். கை நுழைந்தது, தோள் பிடித்தது, ஜிப்பின் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்க்கக்கூட முடியாத தூரத்தில் நின்றன.

"மூச்ச கொஞ்சம் இழுத்துப் பிடி" என்றார் மாஸ்டர். பிறகு, "லெதர்தானே, போடப் போட இளகிடும்" என்றார். ஒரு சாண் இளகுகிற தோலை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை.

"இது எனக்குத் தைச்சது இல்லீங்க. கல்யாணமாகி வந்தாளே ஒருத்தி, அவளுக்குத் தைச்சது" என்றாள். அவள் சண்டை போட்டிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவளோ ஜாக்கெட்டைக் கழற்றி ஒழுங்காக மடித்து வைத்தாள். மறுநாள் விடியலில் அவருடைய ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். ஜிப் இல்லாத அந்த ஸ்வெட்டரைக் கழுத்தருகே கையால் பிடித்துக்கொண்டு, பிறகு ஸ்கூட்டரின் ஹேண்டிலைப் பிடிக்க வேண்டியிருந்ததால் விட்டுவிட்டாள். ஜன்னலில் நின்ற மாஸ்டருக்குத் தன் கன்னத்தில் தானே ஒன்று விட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

சரிசெய்ய ஒரே வழிதான் இருந்தது. இரண்டு பக்கமும் விலாவோடு வெட்டி நடுவில் பட்டை வைக்க வேண்டும். அதே பழுப்பு தீர்ந்துவிட்டது, கறுப்புதான் மிச்சம். அவள் வேலையிலிருந்து திரும்பியதும் டேப்போடு எதிரே போய் நின்றார். கண்ணளவைப் பற்றி மூச்சு விடவில்லை.

மார்பு, இடுப்பு எல்லாம் எடுத்துவிட்டு, அவள் முதுகுப்பக்கம் போய்த் தோளுக்கு வந்தார். இடது தோள் நன்றாகவே இறங்கியிருந்தது. வேறு யாராக இருந்தாலும் தெருமுனையிலேயே கண்டுபிடித்திருப்பார்.

"இது எப்ப இருந்து?"

"சின்னவள தூக்கிக்கிட்டு வீடு வீடா வேலைக்குப் போனேனே, அப்ப இருந்து."

சின்னவள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள்.

"ஒரு வார்த்தை சொல்லலியே?"

"பாத்தாலே தெரியும்னு சொல்லுவீங்களே. தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்."

மாஸ்டர் டேப்பை மறுபடியும் அந்தத் தோளில் வைத்தார். எண்கள் கலங்கித் தெரிந்தன, படிக்க முடியவில்லை. தலையைச் சாய்த்துப் பார்த்தார், அப்போதும் முடியவில்லை.

"கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாருங்க" என்றாள் அவள், திரும்பாமலே.

கண்ணாடி அவர் மூக்கின் மேல்தான் இருந்தது.